எல்லைச் சுவரோரம் ஒரு சுதந்திர நாடு

“நெட்டுங்கிறது காத்து மாதிரி. அத அடைக்கிறவன் மனுசன் மூக்க அடைக்கிறவன். அது மட்டும் என் கையில இருந்தா ஒருத்தருக்கும் அடைக்க மாட்டேன். என் எதிரிக்கும் அடைக்க மாட்டேன். எழுதி வச்சுக்குங்க.”

அக்பெனே இந்தப் பிரகடனத்தை வெளியிட்டபோது அவள் கையில் இருந்தது கரண்டி. எதிரே பதினோரு பேர் தட்டை நீட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவரிடமும் பேனா இல்லை. லோமே நகரில், கானா எல்லையோரத்தில் இருக்கும் அந்தப் பேட்டையில் எதையும் எழுதி வைக்கவேண்டிய தேவை என்றைக்குமே இருந்ததில்லை. மதியத்துக்குள் செய்தி மீன் சந்தை வரை போய்விட்டது. சுதந்திரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஊரில் பலர் உண்டு. அரிசியும் காராமணியும் சேர்த்து வேகவைத்த அயிமோலுவைப் பரிமாறிக்கொண்டே பேசுகிறவள் இவள் ஒருத்திதான் என்பதால், கூட்டம் கடைசிவரை நின்று கேட்டது.

பிரகடனத்துக்கு ஒரு காரணம் இருந்தது. காரணத்தின் பெயர் எகுவே.

எகுவே பேட்டைக் கமிட்டித் தலைவர். பழைய தையல் மெஷின்களை ரிப்பேர் செய்வது தொழில். பேட்டையின் ஒழுக்கத்தை ரிப்பேர் செய்வது தொண்டு. பேட்டையின் வாட்ஸ்அப் குழுவுக்கு அவர்தான் அட்மின். யார் வீட்டில் சாவு, எந்தத் தெருவில் கரண்ட் இல்லை, யாருடைய ஆடு காணோம் என்பதெல்லாம் அவர் பார்வைக்குத் தப்பாமல்தான் போகும்.

அந்த ஜூன் மாதம் பேட்டைக்கு ஒரு பொதுக் குழாய் வந்தது. பெரிய அதிகாரி ஒருவர் ரிப்பன் வெட்டி, குழாயைத் திருகினார். குழாய் இருமியது. அதோடு சரி. அன்று சாயங்காலம் அக்பெனே குழுவில் ஒரு குரல் செய்தி போட்டாள். குழாயில் வராத தண்ணீர் அதிகாரியின் நெற்றியில் வந்தது என்றும், நாளை முதல் குடத்தை அங்கே வைத்துப் பிடிக்கலாம் என்றும் அதில் ஒரு யோசனை சொல்லியிருந்தாள். குழுவில் இருந்த இருநூற்றுச் சொச்சம் பேரும் சிரித்து உருண்டார்கள். எகுவே உருளவில்லை. ஃபோனை எடுத்துக்கொண்டு காவல் சாவடிக்கு நடந்தார்.

மகத்தான மனிதர்களின் வரலாற்றில் சிறைவாசம் என்று ஓர் அத்தியாயம் வரும். அக்பெனேக்குக் கிடைத்தது ஒரு பெஞ்சு. இரண்டு நாள் அதில் உட்கார வைத்தார்கள். மூன்றாம் நாள், மன்னிப்பைக் குரல் செய்தியாகப் பதிவு செய்து அதே குழுவில் போடச் சொன்னார்கள். முதல் பதிவில் உருக்கம் போதவில்லை என்றார் சார்ஜண்ட். இரண்டாவதின் நடுவே ஒரு சேவல் கூவிவிட்டது. மூன்றாவது தேறியது. அது போய்ச் சேர்ந்த அரை நிமிடத்தில் எகுவேயின் பதில் வந்தது: உயர்த்திப் பிடித்த ஒரு மஞ்சள் கட்டைவிரல். அடுத்த அரை நிமிடத்தில் அவளைக் குழுவிலிருந்து நீக்கினார்.

பெஞ்சை அவள் மன்னித்துவிட்டாள். சார்ஜண்டை, அவர் வேலை அது என்று மன்னித்தாள். சேவலையும் மன்னித்தாள். அந்தக் கட்டைவிரலைத்தான் விழுங்க முடியவில்லை. காராமணியில் கல் பொறுக்கும்போது ஒவ்வொரு கல்லும் கட்டைவிரலாகத் தெரிந்தது. தேவாலயத்துக்குப் போனால் மெழுகுவத்திகள் வரிசையாக நின்று அவளைப் பாராட்டின. தலைவர் என்றால் கடமை இருக்காதா என்று ஒரு வாடிக்கையாளர் சமாதானம் பேசிப் பார்த்தார். அவர் தட்டில் அன்றைக்கு மீன் விழவில்லை. அதற்குப் பிறகு யாரும் சமாதானம் பேசவில்லை.

செப்டம்பரில் அரசாங்கத்தை எதிர்த்து ஊர்வலங்கள் தொடங்கின. ஒரு காலையில் அரசாங்கம் நெட்டை நிறுத்தியது; அக்பெனே கரண்டியோடு பிரகடனம் செய்தது அன்றைக்குத்தான். குரல் அழைப்பு மட்டும் அரைகுறையாகப் போயிற்று, மற்றதெல்லாம் படுத்துவிட்டது. முதல் நாள் சனம் எல்லையைத் தாண்டி ஆஃப்லாவோவுக்கு நடந்துபோய், கானா சிக்னலில் வயிறு நிரம்பத் தகவல் உண்டு திரும்பியது. இரண்டாம் நாள், எல்லைச் சாவடியில் ஃபோனைத் திறந்து காட்டச் சொல்கிறார்களாம் என்று வதந்தி பரவியது. குழாய் விஷயத்தில் சிரித்த இருநூற்றுச் சொச்சம் பேரும் வீட்டோடு இருந்துகொண்டார்கள்.

அக்பெனேயின் முற்றம் எல்லையை ஒட்டி இருந்தது. பின்சுவரின் ஒரு மூலையில், பாதாம் மரத்துக்கு நேர் கீழே, கானாவின் சிக்னல் யாரிடமும் முத்திரை வாங்காமல் உள்ளே வந்துகொண்டிருந்தது. ஆஃப்லாவோவில் வெங்காயம் விற்கும் தங்கை எப்போதோ கொடுத்த கானா சிம் ஒன்றும் அவளிடம் கிடந்தது. அதை ஒரு பழைய ஃபோனில் போட்டு, அந்த ஃபோனை ஒரு பிளாஸ்டிக் கூடையில் வைத்து, கூடையைக் கயிறு கட்டி மரக்கிளைக்கு ஏற்றினாள். ஹாட்ஸ்பாட்டைத் திறந்தாள். இவ்வாறாக ஒரு சுதந்திர நாடு பிறந்தது.

ஒரே சமயத்தில் பத்துப் பேருக்குத்தான் இடம் என்பதால் அந்த நாட்டில் வரிசை இருந்தது. வரிசையில் நிற்பவர் கையில் தட்டு இருக்கவேண்டும் என்று ஒரு சட்டமும் தானாக ஏற்பட்டது. மற்றபடி தடை ஏதும் இல்லை. யார் யாரோடு பேசினாலும், எதைப் பார்த்தாலும், பெரிய இடத்தைப் பற்றி என்ன சொன்னாலும் கேட்பார் இல்லை. கடவுச்சொல் மட்டும் ஒன்று உண்டு. இடைவெளி இல்லாமல் அடிக்கவேண்டும்: எகுவேஒருகோள்மூட்டிக்கிழவன்.

உள்ளே நுழையும் ஒவ்வொருவரும் இதை எழுத்துக்கூட்டி அடித்தார்கள். கண் மங்கியவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் உரக்கப் படித்துச் சொன்னார்கள். தேவாலயப் பாடகர் குழுவின் தலைவி கூச்சப்பட்டு இரண்டு முறை தப்பாக அடித்து, மூன்றாம் முறை மெய்மறந்து ராகம் போட்டே சொன்னாள். நான்கு நாளில் பேட்டை முழுவதும் அதை மனப்பாடம் செய்துவிட்டது. குழுவிலிருந்து நீக்கப்பட்டவள், குழுவில் இருந்த எல்லார் விரலையும் கொண்டு தன் தீர்ப்பை எழுத வைத்தாள். ராத்திரியில் அவளுக்கு நல்ல தூக்கம் வந்தது.

ஆனாலும் ஒரு விரல் பாக்கி இருந்தது. அது வராமல் அவளுக்கு வயிறு நிறையவில்லை.

அதையும் காலமே கொண்டுவந்தது. எகுவேயின் மகள் எஞோனாமுக்கு வெளிநாட்டில், டக்கார் நகரில் செவிலியர் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் நெட்டில் போய் உறுதி செய்யவேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். டக்காருக்கு ஃபோன் போட்டுப் பார்த்ததில், எல்லாம் நெட்டில்தான், எங்கள் கையில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை அந்தப் பெண் தானே வந்து வரிசையில் நின்றாள். அக்பெனே அவளை உட்கார வைத்து, மீனில் பெரிய துண்டாகப் பார்த்து வைத்துச் சாப்பிடச் சொன்னாள்.

“உனக்கு ஒரு தடையும் இல்லம்மா. இது எல்லாருக்கும் திறந்த வீடு. ஆனா அந்தப் பாஸ்வேர்ட உங்கப்பா கையால அடிக்கணும். அவர வரச் சொல்லு.”

எஞோனாம் சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, தலை குனிந்து போனாள்.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு எகுவே வந்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருக்கும் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பின்னால் மகள், மார்போடு அணைத்த பிளாஸ்டிக் உறையில் அவள் காகிதங்கள். முற்றத்தில் முப்பது பேர் இருந்தார்கள். முப்பது பேரும் மெல்லுவதை நிறுத்தினார்கள். அக்பெனே இந்தக் காட்சியை மூன்று மாதமாக ஒத்திகை பார்த்திருந்தாள். அவர் எங்கே நிற்பார், எப்படித் திணறுவார், தான் எத்தனை நேரம் கழித்து நிமிர்ந்து பார்ப்பது என்பதெல்லாம் ஏற்கெனவே முடிவாகியிருந்தது.

“வாங்க தலைவரே. கடவுச்சொல் தெரியுமா, இல்ல யாராவது படிச்சுக் காட்டணுமா?”

தெரியும் என்று எகுவே தலையசைத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மகளின் ஃபோனில் ஒற்றை விரலால், ஒவ்வோர் எழுத்தாக அடித்தார். அத்தனை எழுத்துகளையும் அக்பெனே மனசுக்குள் எண்ணினாள். கடைசி எழுத்தில் அவளுக்கு உச்சந்தலை குளிர்ந்தது. வாழ்க்கை இத்தோடு முடிந்திருந்தால் அவளைவிடச் சந்தோஷமானவள் அந்தக் கடற்கரையிலேயே கிடையாது.

எகுவே அத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

“இதுல எழுதியிருக்கிறது பொய் இல்ல. என்னை யாரும் கேக்கல, நானாத்தான் ஃபோனத் தூக்கிட்டுப் போனேன். அந்த அதிகாரி அன்னிக்கு எனக்குக் கை குடுத்தாரு. இன்னொரு வாட்டி குடுப்பாருன்னு நெனச்சேன். தங்கச்சி, நீ சொன்னதுதான் உண்மை. குழாயில இன்னிக்கும் தண்ணி இல்ல. உன்ன அந்தப் பெஞ்சில உக்கார வச்சது நான்தான். அவங்க இல்ல.”

சொல்லிவிட்டுத் தலை குனிந்து நின்றார்.

மன்னிப்பு மோசமாக வந்திருந்தால் அக்பெனேக்கு நன்றாக இருந்திருக்கும். திணறியிருக்கலாம், பாதி கேட்டு மீதியைச் சூழ்நிலையின் தலையில் போட்டிருக்கலாம். அதற்கெல்லாம் அவளிடம் பதில் தயாராக இருந்தது. பாடகர் குழுத் தலைவி மேல்துணி நுனியால் கண்ணைத் துடைத்தாள். மனுசன்னா இப்படி இருக்கணும் என்றார் ஒரு பெரியவர். தலைவர் நிற்கிறாரே என்று யாரோ எழுந்து நாற்காலியைக் கொடுத்தார்கள். ஒருத்தி அக்பெனேயின் பானையிலிருந்தே ஒரு தட்டு எடுத்து, அக்பெனேயைக் கேட்காமலே, அவர் மடியில் வைத்தாள். சமாதானம் பேசி மீனை இழந்த வாடிக்கையாளர் முன்னால் வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அக்பெனே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் மன்னிப்புக் கேட்டபோது யாரும் நாற்காலி கொடுக்கவில்லை. மூன்று முறை கேட்டாள், யாரும் அழவில்லை. இவருக்கு ஒரே பதிவில் தேறிவிட்டது. அவள் கட்டிய நாட்டில், அவள் முற்றத்தில், அவள் சோற்றைத் தின்றுகொண்டு, கோள்மூட்டி பெரிய மனிதராகிவிட்டார்.

“பேஜ் வந்துருச்சுப்பா,” என்றாள் எஞோனாம். “பேரு போட்டாச்சு. இன்னும் ஒரே ஒரு பட்டன்தான், அடுத்த பேஜ் லோடாகணும்.”

மணி ஐந்தே முக்கால்.

சார்ஜ் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும் என்றாள் அக்பெனே, குறிப்பாக யாரிடமும் இல்லாமல். மூலைக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்துக் கூடையை இறக்கினாள். ஹாட்ஸ்பாட்டை அவள் தொடவில்லை. அது எல்லாருக்கும் திறந்தே இருந்தது. அதற்கு மேலே இருந்த மொபைல் டேட்டாவை விரல் நுனியால் தொட்டு நிறுத்தினாள். கூடையை மறுபடி கிளை வரைக்கும் ஏற்றி, கயிற்றை இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினாள்.

பத்து ஃபோன்களிலும் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. கனெக்சன் இருக்கிறது, ஆனால் ஒன்றும் வரவில்லை என்றார்கள். மருமகளோடு பேசிக்கொண்டிருந்த ஒரு கிழவர் ஃபோனை உள்ளங்கையில் தட்டிப் பார்த்தார். எஞோனாம் காகித உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மரத்தடிக்கு ஓடினாள். எகுவே தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் போனார்.

“தொழில்நுட்பக் கோளாறு,” என்றாள் அக்பெனே. “கானாப் பக்கம் போலருக்கு. இருங்க தலைவரே, வந்துரும்.”

“சரி தங்கச்சி. உனக்குப் புண்ணியமாப் போகும்,” என்றார் எகுவே. மகளின் ஃபோனை வாங்கி, இரண்டு கைகளாலும் தலைக்கு மேலே, கூடைக்கு எவ்வளவு கிட்டத்தில் முடியுமோ அவ்வளவு கிட்டத்தில், நுனிக்காலில் நின்று பிடித்துக்கொண்டார்.

அக்பெனே பானையிடம் திரும்பி வந்து, அடுத்தது யார் என்று கேட்டாள்.