பள்ளிவாசல் காட்டிய மேற்கு

முக்கூடல் நாறும்பூநாதனுக்குக் காற்றை அளக்கக் கம்பம் நடும் வேலை. எந்தத் திக்கிலிருந்து எவ்வளவு காற்று வருகிறது என்று ஓராண்டு அளந்து வரைபடம் போட்ட பிறகுதான் காற்றாலைக்கு இடம் குறிப்பார்கள். கம்பத்து உச்சியில் வேகத்துக்குக் கிண்ணங்கள் சுழலும். திசைக்கு ஒரு வால் திரும்பும். வடக்கு எது என்று அந்த வாலுக்கு மனிதன்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். தப்பாகச் சொன்னால், வருஷம் பூராவும் அது நேர்மையாகத் தப்புச் சொல்லும்.

தொண்ணூற்று நான்கு ஆடியில், ராதாபுரம் பொட்டலில் ஓராண்டு நின்ற கம்பத்தின் பதிவுப்பெட்டியைக் கழற்றிக்கொண்டு ஹசன் அலியின் டீக்கடைக்கு வந்தார். எதிரே பள்ளிவாசல்.

"ஏன் பாய், பள்ளிவாசல் ரோட்டுக்குக் கோணலா நிக்குது? கொத்தனாரு தூங்கிட்டானா?"

"நாங்கதான்வே முழிச்சுக்கிட்டோம். மக்கா நேர் மேற்கயா இருக்கு? வடக்க சாஞ்சுல்லா இருக்கு. பழைய பள்ளியில பாயச் சாய்ச்சு விரிப்போம். இதுல சுவரையே சாய்ச்சுட்டோம். அதுக்கு ஜமாத்துல நடந்த சண்டையில ஒம்ம கம்பமே ஆடியிருக்கும்."

நாறும்பூநாதன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு அந்தச் சுவரைப் பார்த்தார். போன வருஷம் இரும்புக் கம்பத்துக்குப் பக்கத்தில் காம்பஸ் முள் நிலைகொள்ளவில்லை. மேகமூட்டத்தில் சூரியனும் இல்லை. பள்ளிவாசல் மேற்கு பார்த்துத்தானே இருக்கும் என்று அதன் பக்கச் சுவரின் போக்கையே மேற்கென்று வைத்து வாலுக்கு வடக்கைக் குறித்திருந்தார்.

அந்த வாரம் வரைபடம் முடிகிறது. அதை நம்பி வரிசை போட்டால் ஒரு காற்றாலை இன்னொன்றின் காற்றை மறிக்கும். சொன்னாலோ, ஒரு வருஷ உழைப்பைக் குப்பையில் போட்டு, இனி அவரைக் கம்பத்தில் ஏற விடமாட்டார்கள். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. பஸ்ஸில் இடம் மாற்றி மாற்றி உட்கார்ந்தார். நாங்குநேரியில் இறங்கி, எதற்கு இறங்கினோம் என்று தெரியாமல் மறுபடி ஏறினார்.

திருநெல்வேலி அலுவலகத்தில் இன்ஜினியர் கோபாலசுப்பிரமணியன் வரைபடத்திலிருந்து தலை தூக்காமலே அவர் சொன்னதை முழுவதும் கேட்டார்.

"சுவரோட சாய்வ அளந்துட்டு வாரும். எல்லாத் திசையையும் அந்த அளவுக்குத் திருப்பிட்டாப் போச்சு. வருஷம் வீணாகல."

நாறும்பூநாதன் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஆமா, ஆழ்வார்குறிச்சிக் கம்பத்துக்கு எத வச்சு வடக்கு பாத்தீரு?"

"அங்கன... கோயில் கோபுரம் சார். கோயில் கிழக்கு பாத்துதான..."

"வள்ளியூர்ல?"

"சர்ச்சு."

"நல்லாத்தான்வே சர்வ மத சர்வே எடுத்திருக்கீரு!"

இன்ஜினியர் சிரிக்கவில்லை. ரப்பரை எடுத்து, மேலே மை தீட்டுவதற்காகப் பென்சிலில் இழுத்து வைத்திருந்த அம்புக்குறிகளை ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கினார். நாறும்பூநாதன் காம்பஸைப் பையில் போட்டுக்கொண்டு, ஆழ்வார்குறிச்சிக்கு எப்போது பஸ் என்று கேட்கக்கூட நிற்காமல் படியிறங்கினார்.