மீட்டரில் சிமிட்டிய சிவப்பு விளக்கு

கீழ் போர்ஷனில் குடியிருக்கும் நெசவாளர் என் கரண்டைத் திருடுகிறார் என்று ஒரு வாரம் முழுக்க நம்பினேன். சந்தேகப்பட்டேன் என்று எழுதினால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். இல்லை, நம்பினேன்.

காரணம் பில். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிற அது, இந்த முறை ஐநூறு யூனிட்டைத் தாண்டியிருந்தது. தாண்டிய யூனிட்டுக்கு மட்டும்தான் ரேட் கூடும் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அலமாரி அலமாரியாகப் படித்தவன், கரண்ட் பில்லில் மட்டும் கடைசி வரியைத் தவிர எதையும் படித்ததில்லை. ஐநூறைத் தாண்டினால் முன்னால் போன யூனிட்டுகள் பலவற்றுக்கும் ரேட் மாறிவிடுகிறது. ஒருவன் சுவரேறிக் குதித்தால் வகுப்புக்கே அடி.

வீட்டில் நானும் மனைவியும்தான். முதலில் கிரைண்டரைக் குற்றம் சாட்டினேன். “அப்போ இட்லிய கடையில வாங்கிக்கலாங்க. அந்தப் பில்லையும் நீங்களே படிங்க” என்றாள். வழக்கு அங்கேயே தள்ளுபடி. மிச்சமிருந்தவர் கீழ்வீட்டுக்காரர். அவர் தறியின் மேல், சேலை டிசைனை வரி வரியாக எடுத்துக் கொடுக்கிற கரண்ட் பெட்டி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அவருக்குத் தனி மீட்டர்தான். ஆனாலும் பழைய வயரிங். எந்த ஒயர் எங்கே போகிறது என்பது அதைப் போட்டவரோடு போய்விட்டது.

ஒரு நாள் காலையில் சோதனையில் இறங்கினேன். மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு உண்டு. கரண்ட் ஓடினால் சிமிட்டும். நிறைய ஓடினால் வேகமாகச் சிமிட்டும். பிரிட்ஜ் உட்பட வீட்டுக்குள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் படியிறங்கி வந்து பார்த்தேன். சிமிட்டியது, பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன் வேகத்தில். அகப்பட்டான் திருடன். போர்டில் மெயின் சுவிட்ச் இரண்டு. எது என்னுடையது என்பது வீட்டுச் சொந்தக்காரனான எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டையும் இறக்கினேன்.

ஆரணியில் தறிச் சத்தம் யார் காதிலும் விழாது. நின்றால்தான் விழும். நின்றது. அவர் வெளியே வந்தார்.

“இன்னா சார் பண்ணிகினு இருக்கீங்க?”

“செக் பண்றேன்.”

“ஒரு வார்த்த சொல்லிட்டு செக் பண்ணக் கூடாதா? முந்தானி ஓடிகினு இருக்குது. ஜல்தி போடுங்க சார்!”

போட்டேன். மறுபடி உயிர் வந்த பெட்டி, விட்ட வரியை விட்டுவிட்டு வேறு வரியைப் பிடித்துக்கொண்டது. அவசரத்தில் அவரும் இரண்டு விரல் அகலம் நெய்துவிட்டார். முந்தானை டிசைனில் இருந்த மாங்காய்கள் ஊறுகாய்க்கு வெட்டியது போல இரண்டிரண்டு துண்டாக நின்றன. அன்று சாயங்காலத்துக்குள் அந்தச் சேலையைத் தறியிலிருந்து அறுத்து முதலாளியிடம் கொடுத்தாக வேண்டும். மறுநாள் ஒரு முகூர்த்தத்துக்குப் போகிற சேலை.

அவர் இழை இழையாகப் பிரித்தார். நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு டார்ச் பிடித்தேன். அது உதவியல்ல, தண்டனை. கை வலித்தது, மாற்றிப் பிடித்தேன். தலை நிமிராமல் கேட்டார்.

“எதுக்கு சார் செக்கிங்கு?”

சொன்னேன், திருட்டு விஷயத்தை மட்டும் விட்டுவிட்டு. “எல்லாத்தையும் ஆஃப் பண்ணியும் சிமிட்டுதுங்க.”

“மோட்டார நிறுத்துனீங்களா?”

நிறுத்தவில்லை. மோட்டார் சுவிட்ச் வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. ஏழு மணிக்கு நானே அதைப் போட்டுவிட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

“தெனம் இதே கதைதான் சார். நான் ஒரே எடத்துல குந்திகினு இருக்கறவன், உங்க வூட்டு சத்தம் பூரா எனக்குத்தான். தொட்டி ரொம்பி, பக்கத்து வூட்டு தோட்டத்துல தண்ணி கொட்டிகினே இருக்கும். இன்னிக்கு நீங்க மெயின எறக்கினப்புறம்தான் நின்னுச்சு. மாடி ரூம்ல ஆளே இருக்காது, ஃபேன் மட்டும் கடகடன்னு ஓடும்.”

“சொல்லியிருக்கலாமே?”

“படிச்சிகினு இருக்கறவர எப்படி சார் தொந்தரவு பண்றது?”

டார்ச்சை மறுபடி கை மாற்றினேன். சேலையை இருட்டுவதற்கு முன் அறுத்தார். முதலாளி வாங்கிக்கொண்டார், இரண்டு வசவோடு. நான் வாங்க வேண்டிய வசவு அது.

தொட்டி நிறைந்தால் கத்துகிற அலாரம் ஒன்று வாங்கி மாட்டினேன். அறையை விட்டு எழுந்தால் ஃபேனை அணைக்கப் பழகினேன். அடுத்த பில் ஐநூறுக்குள் அடங்கியது. மார்க் ஷீட் கொண்டுபோகிற பையனைப் போல அதைக் கீழே எடுத்துப் போய்க் காட்டினேன். தறியை நிறுத்தாமலே பார்த்தார்.

“நல்லது சார். பக்கத்து வூட்டம்மாதான் பேஜாராயிட்டாங்க. ரெண்டு மாசமா அவங்க தென்னமரம் வாடிப்போச்சாம். ‘மாடி வூட்டு சாரு படிக்கறத வுட்டுட்டாரா’ன்னு கேட்டுகினு இருக்காங்க.”