அம்பு ஒட்டிய ஓடை

அனுசுயாவுக்கு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. துணியில் ஓட்டை, கறை, தையல் பிசகு எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தைக் காட்டிச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும்; பிசகில்லாததை ‘பாஸ்’ என்று கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். கமுதிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். அருள்புரத்தில் நான் டீச்சராக இருந்த பள்ளியில் அவள் மகள் ஆஷா இரண்டாவது படித்தாள்.

பிள்ளைகள் வரைந்த படங்களைச் சேர்த்து, சுற்றியுள்ள மூன்று பள்ளிகளுக்கும் பொதுவாக வைத்து, பருவத்துக்கு ஒரு பள்ளியில் மாட்டலாம் என்று 2005இல் ஒருநாள் சும்மா சொல்லிவைத்தேன். நான் மறந்துவிட்டேன், அனுசுயா மறக்கவில்லை. பேக்கிங் செக்‌ஷனில் கெஞ்சி அட்டை வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகப் போய்ப் படம் கேட்டாள். இரண்டு வருடத்தில் நாற்பது படங்கள் சேர்ந்தன. அவற்றை ஊரே பார்க்க வேண்டும், அதில் தன் மகள் படமும் இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை.

பதினோரு படங்களில் பள்ளிக்குப் பின்னால் ஓடும் ஓடை இருந்தது. பிள்ளைகள் கண்ணால் கண்டபடியே ஒன்றில் சிவப்பாக, ஒன்றில் கத்தரிப்பூ நிறமாக, ஒன்றில் கறுப்பாக வரைந்திருந்தார்கள். அந்தத் தண்ணீரை ஆடுகூடக் குடிக்காது.

கண்ணாடிச் சட்டம் போட்டுத் தருவதாகச் சொன்னவர் சுப்பண்ணன். அனுசுயா வேலை பார்த்த கம்பெனியும் அவருடையதுதான், ஓடைக்கு மேலே இருந்து கழிவை அதில் விட்ட சாயப்பட்டறையும் அவருடையதுதான். அவர் படங்களைப் பார்க்க வருவதற்கு முந்தின நாள், பெயிண்ட் விரிசல் விட்ட இடங்களைச் சரிசெய்ய அடையாளம் வேண்டும் என்று அனுசுயா அம்பு ஒட்டினாள். கைப்பழக்கம். பிள்ளைகள் ஓடையில்தான் பெயிண்டை அப்பியிருந்தார்கள், விரிசலும் அங்கேதான். பதினோரு படத்திலும் அம்பு ஓடையையே காட்டியது. எனக்கும் அது உறைக்கவில்லை.

சுப்பண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். ஓடைப் படங்களுக்கு முன்னால் மட்டும் நின்று நின்று போனார்.

“இந்த அம்பெல்லாம் யாருங்க டீச்சர் ஒட்டுனது?”

“நாந்தான் முதலாளி. அந்த எடமெல்லாம் டேமேஜு,” என்றாள் அனுசுயா பெருமையாக.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெறும் பெயிண்ட் விரிசல் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

“நம்ம கம்பெனிதானுங்களா அம்மணி? நல்லா செக்கிங் பண்றீங்க,” என்று சிரித்தார். அன்றைக்கே படங்களை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அடுத்த வாரம் அனுசுயாவை செக்கிங்கிலிருந்து எடுத்து, கூலி குறைந்த நூல் பிசிறு வெட்டும் வேலையில் போட்டார்கள். யாரும் காரணம் சொல்லவில்லை. பயந்துபோயிருந்தாள். அப்போதும் “படம் வந்துருமா டீச்சர்?” என்றுதான் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

படங்கள் பளபளவென்று கண்ணாடி போட்டு வந்தன. பதினோரு ஓடைகளும் நீலமாகியிருந்தன, ஆஷாவுடையதும்தான். அனுசுயா பார்த்துவிட்டுப் போய்விட்டாள். விழா நடத்தினோம். நன்றியுரை நான்தான்.

பொங்கல் லீவு முடிந்து டிராயிங் நோட்டில் ஓடை வரையச் சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே அன்றைக்குத் தண்ணீர் ரத்தம் போலப் போய்க்கொண்டிருந்தது. ஆஷா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சுவரில் மாட்டியிருந்ததைப் பார்த்து நீலமாக வரைந்தாள். ‘நன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் அனுசுயா அந்த நோட்டோடு வந்தாள். என் கையெழுத்தின் மேல் விரலை வைத்தாள்.

“இத நீங்க பாஸ் பண்ணிட்டீங்களா டீச்சர்?”