விட்டுராத

“…கயிறுதான் அண்ணாச்சி சிக்கியிருக்கு. உள்ள கைய விட்டு எடுத்துருதேன், நீங்க அந்த சுவிட்ச மட்டும் தொட்டுராதீங்க” என்றார், கோவில்பட்டியில் புதிதாக வந்திருக்கும் பவுலிங் கூடத்து மெக்கானிக். பந்தை உருட்டி வீழ்த்திய கட்டைகளைக் கயிற்றால் தூக்கி நிறுத்தும் இயந்திரம் பாதியில் நின்றிருந்தது. பாட்டுச் சத்தமோ காதைப் பிளந்தது.

அவர் தோளைப் பிடித்தேன். எங்கள் ஊர்க் கோயில் கொடை விழாவில் மாமா இதே விளையாட்டைத்தான் நடத்தினார். பத்து மரக்கட்டைகளின் கயிறும் ஒன்றாகச் சேர்ந்து, மாடு பூட்டி இறைக்கும் கமலைக் கிணற்றிலிருந்து கழற்றிவந்த உருளை வழியே அத்தை கைக்கு வரும். அத்தை இழுத்தால் கட்டைகள் தொங்கும், மெல்ல இறக்கினால் நிற்கும். அன்று உருளையில் சிக்கெடுத்துக்கொண்டே மாமா, “ஏட்டி, விட்டுராத!” என்று கத்தினார். சொல்லின் வால் பகுதியை மேளம் விழுங்கிவிட்டது. “விட்டுரு” என்றுதான் அத்தைக்குக் கேட்டது. ஓடிய கயிறு மாமாவின் இரண்டு விரல்களை உருளைக்குள் இழுத்துப் போனது. “எட்டு வெரலு தாராளம்ட்டி, அழாத” என்று அத்தையைத் தேற்றியதும் மாமாதான்.

இதைச் சொன்னேன். மெக்கானிக் உள்ளே விட்ட கையை வெளியே எடுத்தார். நேராகப் போய் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிவந்து, என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டு, மறுபடி குனிந்தார்.