பத்தியில் இல்லாத பதில்

பத்தியைப் படித்துப் பதில் சொல்லும் கருத்துணர்தல் பாடம் என்றாலே என் வகுப்புப் பிள்ளைகளுக்கு முகம் சுருங்கிவிடும். ஆயர் ஈத்தாம் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஐந்தாம் ஆண்டுக்கு நான்தான் தமிழ் டீச்சர். முன்கோபக்காரி. கேள்வியில் இருக்கும் சொல்லைப் பத்தியில் தேடிப் பிடித்து, அந்த வரியை அப்படியே இறக்கி வைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "எழுதாம விட்டதையும் ஊகிக்கணும்லா! ஆனா சான்று காட்டணும்!" என்று தொண்டை வற்றக் கத்துவேன்.

அன்றைய பத்தியில் பள்ளி விட்டு ஒரு சிறுமி வாசலில் நிற்கிறாள், அம்மா வரவில்லை. ஏன் வரவில்லை, ஊகித்துச் சொல்லுங்கள் என்றேன்.

"பாலத்துல ஜாம் டீச்சர்."

"கெரேத்தா ரோசாக் டீச்சர், கார் ரிப்பேரு."

முன்வரிசைப் பெண் கையைத் தூக்கினாள். தப்பான பதிலே சொல்லாதவள். ஒரு பதிலுக்குச் சிவப்புக் கோடு விழுந்தாலும் பள்ளி விடும்வரை மூக்கை உறிஞ்சிக்கொண்டிருப்பாள்.

"அவங்க அம்மா எழுந்திருக்க மாட்டாங்க டீச்சர். கூப்பிட்டாலும் பதில் வராது. சட்டையெல்லாம் வேர்த்து நனைஞ்சிருக்கும்."

வகுப்பு சிரித்தது. நானும்தான். "அடேயப்பா! சான்று எந்த வரியில இருக்கு?"

"பத்தியில இல்ல டீச்சர். காலையில வீட்ல பார்த்தேன்."

அவளை வெளியே கூட்டிக்கொண்டுபோய்க் கேட்டேன். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்க அம்மா விரதம். ஒருவேளைச் சாப்பாடு, தரையில்தான் படுக்கை. விடியுமுன் குளித்து, சாமி கும்பிட்டு, வழக்கம்போல் சீனி வியாதிக்கு ஊசி போட்டுக்கொண்டு மறுபடி படுத்திருக்கிறார். பாயான் பாருவில் ஃபேக்டரி வேலை. முந்தைய இரவு ஷிஃப்ட் முடிந்து தாமதமாக வந்தவர். அசதி என்று இவள் விட்டுவிட்டாள். வீட்டில் வேறு யாரும் இல்லை.

ஊசியைப் போட்டுக்கொண்டு வெறும் வயிறு! என் அப்பாவுக்கும் அந்த ஊசிதான். கொஞ்சம் சாப்பாடு தள்ளிப்போனாலே சீனி இறங்கி, வேர்த்துக் கொட்டி, கண் சொருகும். அவள் அம்மாவை அழைத்தேன், போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. தலைமையாசிரியையிடம் ஓடினேன். அவர் ஆம்புலன்சுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளைக் காரில் ஏற்றினேன். வீடு பக்கத்துத் தெருதான். ஆனால் பசார் முன்னால் வண்டிகள் நகரவில்லை. ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தேன். கடவுளே, இந்தப் பிள்ளையை நான் எதைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போகிறேன்?

"அம்மா தூங்குறாங்கதானே டீச்சர்?"

ஊகித்துச் சொல், ஊகித்துச் சொல் என்று கத்துகிறவளுக்கு அப்போது ஊகிக்கவே பயமாக இருந்தது.

ஃபிளாட்டில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஐந்து மாடி. மூச்சு வாங்க ஏறினோம். சாவியை அவளால் துவாரத்தில் நுழைக்க முடியவில்லை. நான் பிடுங்கித் திறந்தேன்.

சாமி மேடைக்கு முன்னால் அம்மா பாயில் கிடந்தார். மஞ்சள் சேலை தண்ணீரில் முக்கியதுபோல் நனைந்திருந்தது. தொட்டால் சில்லென்றிருந்தது. செத்துவிட்டார் என்றே நினைத்தேன். மூக்கருகே கை வைத்தேன். மூச்சு இருந்தது, லேசாக.

"சீனி எடுத்துட்டு வா!"

ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஈரவிரலில் சீனியைத் தொட்டுக் கன்னத்து உள்பக்கம் தேய்த்தேன். "அக்கா, கண்ணைத் திறங்க. அக்கா!" திறக்கவில்லை. அவள் கதவோரம் சுவரோடு ஒட்டி நின்றாள். அழவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து கையில் மருந்து ஏற்றினார்கள். நான் முருகா முருகா என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு இமை அசைந்தது. அம்மா சுற்றிலும் விழித்துப் பார்த்தார். கண் மகளின் சீருடையில் வந்து நின்றது.

"ஏன்டி… ஸ்கூலுக்குப் போகல?"

அவள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அழுதாள்.

"என் பதில் தப்பு டீச்சர்," என்றாள். "அம்மா எழுந்துட்டாங்க."