ஏழாம் நாளுக்கு இரண்டு வரி

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயிலின் செயலாளர் அண்ணனுக்கு மாத்தளை டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் பில் போடும் வேலை. திருவிழாவில் எந்த நாள் பூசையை யார் ஏற்றுச் செய்கிறார்கள் என்ற உபயப் பட்டியலை அவர் தன் லேப்டாப்பில், நோட்பேடில்தான் வைத்திருந்தார். ஓர் உபயத்துக்கு ஒரு வரி: எத்தனையாம் நாள், கமா, எந்த லயம் (வீட்டு வரிசை), கமா, யார் பெயரில். நான் கொழும்புக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே தரவுத்தள வேலை செய்பவள். அதைப் பார்த்ததும் எனக்குக் கை துறுதுறுத்தது.

"இத ஒழுங்கான டேட்டாபேஸ்ல போட்டுத் தர்றேன் அண்ணே."

"வேணாம் தங்கச்சி. எனக்கு நோட்பேட் தொறக்கத் தெரியும், மூடத் தெரியும். அதோட நிப்பாட்டிக்குவோம்."

நான் ஒன்றைப் பிடித்தால் லேசில் விடமாட்டேன். அவருடைய கோப்பை இருந்த இடத்திலேயே விட்டு, அதையே தரவுத்தளத்தில் ஓர் அட்டவணையாக இணைக்க வழி இருக்கிறது. அவர் நோட்பேடில் எழுதுவதை நான் அட்டவணையில் பார்க்கலாம். நான் அட்டவணையில் மாற்றினால் அது அவருடைய கோப்பிலேயே மாறிவிடும். அவருக்கும் சம்மதம்தான், ஏனென்றால் அவர் புதிதாக எதுவும் கற்க வேண்டியதில்லை.

இணைத்த பிறகு, ஒரு நாளுக்கு ஓர் உபயம்தான் என்று ஒரு விதி போடப் பார்த்தேன். தரவுத்தளம் ஏற்க மறுத்தது. ஏழாம் நாளுக்கு இரண்டு வரி இருந்தன. இரண்டிலும் அதே லயம், அதே பெயர். அண்ணன் தூக்கக் கலக்கத்தில் இரண்டு தடவை தட்டிவிட்டார் என்று சிரித்துக்கொண்டே ஒன்றை அழித்தேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காமல் விட்டது என் திமிர்தான்.

திருவிழா நோட்டீஸ் அச்சுக்குப் போவதற்கு முந்தின நாள், அதன் நகலைக் கோயில் சுவரில் ஒட்டியிருந்தோம். பலாபத்வலவிலிருந்து ஓர் அக்கா பஸ் பிடித்து வந்து அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர், இப்போது மகள் வீட்டில் இருக்கிறார்.

"ஏழாம் நாள் காலைப் பூசை எங்கண்ணன் செய்யுது. சாயந்தரம் மாவிளக்கு நான் போடுறது. அப்பா போனதுல இருந்து அப்பிடித்தான். எப்பவும் அப்பா பேர் ரெண்டு தடவ வரும், இதுல ஒரு தடவதான் இருக்கு. சாயந்தரத்த வேற ஆளுக்குக் குடுத்துட்டீங்களா?"

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. ஒரு பூசையாவது கிடைக்காதா என்று கேட்டு நிற்பவர்கள் பல பேர். நோட்டீஸில் வராத பூசையைக் கோயில் சபை அவர்களில் ஒருவருக்குக் கொடுத்துவிடும்.

செயலாளர் அண்ணன் அங்கேயே லேப்டாப்பில் கோப்பைத் திறந்தார். ஏழாம் நாள் வரிக்குக் கீழே ஒரு வெற்று வரி கிடந்தது. அட்டவணையில் அழித்தது கோப்பில் அப்படித்தான் தெரியும்.

"இங்க ஒரு வரி இருந்துச்சே. நான் நடுவுல எடம் விட்டு எழுத மாட்டேன்" என்றபடி என்னைப் பார்த்தார்.

"நான்தாண்ணே அழிச்சேன். ரெண்டு தடவ அடிச்சிட்டீங்கன்னு நெனச்சேன்."

"நம்ம ஆளுங்க நாளப் பிரிச்சிக்கிறது ஒங்க டேட்டாபேஸுக்குத் தெரியாது."

"அதுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்" என்றேன். வெட்கமாக இருந்தது. நான் இந்தத் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா இறந்தாலும் உபயம் அப்பா பெயரிலேயே நிற்கும், பிள்ளைகள் நேரத்தைப் பகிர்ந்துகொள்வார்கள். என் அப்பாவின் உபயமும் அவர் பெயரில்தான் நடக்கிறது, நான் ஒரே பிள்ளை என்பதால் அதற்கு ஒரு வரிதான்.

அன்றே அந்த விதியை எடுத்தேன். காலையா மாலையா என்பதற்கு ஒரு கட்டம், செய்பவர் யார் என்பதற்கு இன்னொன்று சேர்த்தேன். அண்ணனின் பாஷையில் சொன்னால், வரிக்கு இரண்டு கமா கூடுதல். அவர் முணுமுணுக்காமல் தட்டினார். அப்பா பெயர், கமா, மாலை, கமா. அங்கே நிறுத்தி அக்காவிடம் பெயர் கேட்டார். அக்கா சொன்னார், அவர் எழுதினார். திருத்திய நகலையும் அப்போதே எடுத்து ஒட்டினோம். எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

அக்கா திரைக்குக் கிட்டே வந்து, விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தார்.

"இருவது வருசமா மாவிடிக்கிறேன்" என்றார். "என் பேர இதுல இன்னக்கித்தான் பாக்குறேன்."