தலைதட்டிய ஆழாக்கு

பெரிய வெள்ளிக் கஞ்சிக்குப் பயறு எவ்வளவு என்று கேட்டதற்கு என் நாத்தனார் சொன்ன பதிலை நான் அப்போதே நம்பவில்லை. "பத்து ஆழாக்கு அண்ணி, கண்ணை மூடிக்கினு போடுங்க" என்றாள். கண்ணை மூடச் சொல்பவர்களிடம்தான் நான் நன்றாக விழித்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் மயிலாப்பூர்த் தெருவில் இருக்கிற சர்ச் பங்குக் குடும்பங்களுக்கு, சிலுவைப்பாதை முடிந்ததும் பச்சைப்பயறு போட்ட கஞ்சி ஊற்றுவது என் கணவர் வீட்டு வழக்கம். மாமியார் போன பிறகு நாத்தனார் அடையாறிலிருந்து வந்து செய்துகொண்டிருந்தாள். இந்த வருடம் அவளுக்கு முழங்கால் வலி. பொறுப்பு என் தலையில் விழுந்தது. கஞ்சி நீர்த்துப்போனால் தெருவே அடுத்த பெரிய வெள்ளி வரைக்கும் பேசும். அதுவும் கணக்கு டீச்சர் வைத்த கஞ்சி என்று பேசும்.

கடையில் பயறு கிலோவில்தான் கிடைக்கிறது. ஆழாக்கைக் கிராமாக்க இணையத்தில் தேடினேன். ஒருவர் ஒரு கப் இருநூறு கிராம் என்றார், இன்னொருவர் நூற்றெண்பது என்றார். யார் வீட்டுக் கப் என்று யாரும் சொல்லவில்லை. தி.நகரில் ஒரு டிஜிட்டல் தராசு வாங்கினேன். அதையும் நம்பாமல், பிரிக்காத சர்க்கரைப் பாக்கெட்டை வைத்துச் சோதித்தேன். மாமியாரின் பித்தளை ஆழாக்கில் பயறை நிரப்பி, விளிம்புக்கு மேலே நிற்பதை விரலால் வழித்துத் தலைதட்டி எடை போட்டால் நூற்று அறுபது கிராம். அந்த அளவில் சின்னப் பாத்திரத்தில் வைத்துப் பார்த்த கஞ்சி தண்ணீராக ஓடியது.

வேண்டுமென்றே குறைத்துச் சொல்லியிருக்கிறாள். நான் தெருவில் அவமானப்பட வேண்டும், பிறகு அவளைக் கெஞ்சிக் கூப்பிட வேண்டும்.

ஆழாக்கு, தராசு, பயறு எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்து அடையாறு போனேன்.

"இன்னா அண்ணி, போலீஸ் மாதிரி வந்து நிக்கிறீங்க?"

"நீயே அள. நான் பாக்கணும்."

அளந்தாள். ஆழாக்கு நிரம்பிய பிறகும் நிறுத்தவில்லை. இடது கையால் அதன் வாயைச் சுற்றி அணைகட்டி, பயறு கூம்பாக நின்று வழிகிற வரைக்கும் போட்டாள். தராசு இருநூறைத் தாண்டியது.

"குவிச்சா அளப்பே? சொல்லவே இல்லையே!"

"இதுல சொல்றதுக்கு இன்னா இருக்கு? நம்ம வீட்ல எப்பவும் குவிச்சுத்தானே அளப்போம்."

"அத்தை தலைதட்டித்தான் அளப்பாங்க. கல்யாணம் ஆன நாள்லேருந்து பாத்திருக்கேன்."

அவள் ஆழாக்கைக் கீழே வைத்தாள். "அது நீங்க அடுப்படியில இருந்தா அண்ணி. உங்க அம்மா வீட்டுக்கு நீங்க அள்ளிக் குடுத்துடுவீங்கன்னு எங்கம்மாவுக்கு ஒரு பயம். தலைதட்டி வச்சாத்தான் கணக்கு நிக்கும்னு சொல்வாங்க. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

எனக்குத் தெரியாது. ஊரையே சந்தேகப்படுகிற எனக்கு, அந்த வீட்டில் என்னை ஒருவர் சந்தேகப்பட்டிருப்பார் என்று ஒருநாளும் தோன்றவில்லை. ராயப்பேட்டையில் அம்மா தனியாக இருந்த காலத்தில்கூட, கெட்ட பேர் வந்துவிடக் கூடாதென்று வெறுங்கையோடுதான் போவேன். ஒரு பிடி பயறு அவளுக்குக் கொண்டுபோனதில்லை.

"நீயும் அப்படித்தான் நெனச்சியா?"

"அம்மா சொல்லும்போது நம்பாம இருக்க முடியுமா அண்ணி?" என்றாள், பயறைப் பார்த்துக்கொண்டே.

பெரிய வெள்ளியன்று குவித்தே அளந்தேன்; கஞ்சி கெட்டியாகவே வந்தது. மாமியார் கைப்பக்குவம் அப்படியே இருக்கிறது என்று எல்லோரும் சொல்லிச் சொல்லிக் குடித்தார்கள். எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.